கண்ணாடிப் பெட்டியில் கட்டிய பனி

கடைக்காரம்மா இருந்தார். அவர் வீட்டுக்காரர் இருந்தார். பால் கம்பெனி சூப்பர்வைசர் இருந்தார். ஜீப் ஓட்டுகிறவர் தோளில் கயிற்றுச் சுருளோடு வாசலில் நின்றார். நான் இருந்தேன். நடுவில் பெட்டி.

கயிறு பெட்டிக்காக வந்தது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டோம்.

கடையில் வைக்கிற குளிர்ப் பெட்டி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கதவு. உள்ளே டியூப் லைட். பால், தயிர், மோர், கூல்டிரிங்ஸ் அடுக்கி வைத்தால் வெளியில் நின்றே பார்க்கலாம். போளூரில் இந்தப் பெட்டி இல்லாத கடை இல்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போகிற அந்த ஊரில் இது ஒன்றுதான். கம்பெனி கொடுத்தது. கம்பெனி சரக்கு நல்லபடியாக விற்கிற வரை கடையில் இருக்கும். சரக்கு கெட்டுப்போனால் எடுத்துக்கொள்வார்கள்.

சரக்கு கெட்டுக்கொண்டிருந்தது.

"மூணாவது தபா," என்றார் சூப்பர்வைசர். "நான் மேல இன்னான்னு பதில் சொல்றது? எப்படியும் இந்தக் குளிர்ல யாரு கூல்டிரிங்ஸ் குடிக்கிறாங்க? கீழ சந்தவாசல்ல ஒரு கடைக்காரரு பெட்டி வேணும்னு கேட்டுக்கினே இருக்காரு. அங்க எறக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு நிம்மதி இல்லியே சார்," என்றார் கடைக்காரம்மா.

வீட்டுக்காரர் கயிற்றைப் பார்த்தார். "அப்டியே என்னியும் சேத்துக் கட்டிக்கினு போய்டுங்க சார். பெட்டி போச்சுன்னா இவ மூஞ்சிய நான்தான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும்."

ஜீப்காரர் சிரித்துவிட்டார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

நான் சொன்னேன்: "ஒரு நாள் குடுங்க சார்."

"ஒரு நாள்ல இன்னா பண்ணிடுவ?"

"பாக்கறேன்."

"போன தபாவும் பாக்கறேன்னுதானே சொன்ன?"

"ஆமா சார். பாத்தேன். தெரில."

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் அவருக்கு இன்னும் சில கடைகள் இருந்தன. நாளைக்கு மதியத்துக்கு மேல் திரும்பி வருவதாகச் சொன்னார். அப்போதும் காரணம் தெரியவில்லை என்றால் பெட்டி ஏறிவிடும். கயிறு கடையிலேயே இருக்கட்டும் என்றார். ஜீப்காரர் அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஊர் சந்தவாசல். எட்டாவதோடு பள்ளிக்கூடம் சரி. போளூரில் ஒரு பிரிட்ஜ் கடையில் சேர்ந்தேன். கையால் செய்து செய்து தெரிந்துகொண்டது. இப்போது தனியாகச் செய்கிறேன். கம்பெனிப் பெட்டிகளைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவேன்.

குளிர்ப் பெட்டியில் ஐஸ் கட்டினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இந்த மாதிரிப் பெட்டிக்கு நல்லதில்லை. உள்ளே பின்பக்கத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காயில் இருக்கும். செம்புக் குழாயை மடித்து மடித்து, அதில் மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கோத்தது. ஒரு சின்ன ஃபேன் காற்றை அதன் வழியாகத் தள்ளும். அந்தக் காற்றுதான் பாலைக் குளிர வைக்கிறது. தகடுகளுக்கு நடுவில் ஐஸ் கட்டினால் காற்றுக்கு வழி இல்லை. பின்னால் கல்லு மாதிரி ஐஸ். முன்னால் பால் திரிந்துபோகும். ஃபேன் இறக்கை ஐஸில் இடித்து டர்ரென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் கடைக்காரம்மா எனக்கு போன் போடுவார்.

"அண்ணா, மறுபடியும் கத்துது."

வேறு ஒன்றும் சொல்லமாட்டார். வைத்துவிடுவார்.

பெட்டி சித்திரையில் வந்தது. கோடை முழுக்க நன்றாக ஓடியது. ஆடியில் ஓடியது. ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் தொல்லை.

முதல் தடவை போனபோது கதவு ரப்பரைப் பார்த்தேன். செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்தேன். கீழ் மூலையில் சுலபமாக வந்துவிட்டது. ரப்பர் தளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே போகும். காற்றில் இருக்கிற ஈரம் காயிலில் போய் ஐஸாகும். சரி, இதுதான் என்று புது ரப்பர் போட்டேன். அப்போது கேட்டேன்: "வியாபாரத்துல கதவ தெறந்து போட்டுடுவீங்களா?" கடைக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெறந்து போடறவளா நானு?" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

சில நாளில் போன் வந்தது.

இரண்டாம் தடவை உள்ளே கழற்றினேன். காயிலில் படிகிற வெண்மையை அவ்வப்போது கரைக்க ஒரு ஹீட்டர் இருக்கும். அதை ஒரு டைமர் போட்டு அணைக்கும். ஹீட்டர் எரிந்துபோயிருந்தது. கரைந்த தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில் ஈசல் இறக்கைகள் அடைத்திருந்தன. ஹீட்டரை மாற்றினேன். டைமரையும் மாற்றினேன். ஓட்டையைச் சுத்தம் செய்தேன். தண்ணீர் குழாயில் சொட்டுகிறதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை கடைக்காரம்மா கம்பெனிக்கும் போன் போட வேண்டியிருந்தது. பால் நிறையக் கெட்டுவிட்டது. அதனால்தான் ஜீப்பும் கயிறும்.

ஜீப் போன பிறகு பெட்டியை அணைத்தேன். சரக்கை வெளியே எடுத்தோம். கடைக்காரம்மா பால் பாக்கெட்டுகளை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். நான் பின் தகட்டைக் கழற்றினேன். காயிலே தெரியவில்லை. ஒரே வெள்ளை. ஆற்றுக்கல் மாதிரி மேலே வழவழவென்று இருந்தது.

வீட்டுக்காரர் உள்ளே போய் அரிவாளோடு வந்தார். "கொத்திடலாமா?"

"கொத்தினா குழா ஓட்டையாய்டும். கேஸ் போய்டும்."

"லேசா."

"லேசா கொத்தினாலும் போய்டும்."

"இவரு கையில பெட்டிய குடுக்காதீங்கணா," என்றார் கடைக்காரம்மா. "கொல்லையில பலா மரத்துக்கு மண் அணைக்கச் சொன்னேன். வேரையே வெட்டிட்டாரு."

"மரம் காய்க்குது இல்ல?"

"நீ வெட்டாம இருந்தா இன்னும் காய்க்கும்."

அவர் அரிவாளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். அதைப் பெட்டிக்கு எதிரில் வைத்து ஓடவிட்டேன். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் கரையும். ஊற்றவில்லை. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரியவேண்டும். ஊற்றினால் கலந்துவிடும். வெளியே போகிற குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தேன்.

ஐஸ் தண்ணீர்தான். அது எங்கிருந்தோ வரவேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரப்பரைச் சுற்றிலும் காகிதம் வைத்து இழுத்தேன். எங்கேயும் வரவில்லை. பிறகு கடையிலிருந்த ஊதுவத்தியில் ஒன்றைக் கொளுத்தி, கதவு விளிம்பு ஓரமாகவே கொண்டுபோனேன். காற்று உள்ளே போனால் புகை அந்தப் பக்கம் சாயும். புகை நேராகவே போனது.

"பெட்டிக்குப் பூஜ போடறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதான் பாக்கி."

ஹீட்டரில் கரண்ட் போகிறது. சூடு வருகிறது. டைமர் சுற்றுகிறது. ஃபேன் இறக்கை வளையவில்லை. தண்ணீர் போகிற ஓட்டையில் ஈசல் இல்லை. தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். யாரும் அதைக் கூட்டி வைக்கவில்லை. பெட்டி சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தேன். பெட்டி மேல் இரண்டு சின்ன மரத்துண்டு கிடந்தது. அடியில் சாய்வுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருப்பார்கள் போல என்று நினைத்தேன். பெட்டி நேராகத்தான் நின்றது. துண்டுகளைத் திரும்ப மேலேயே வைத்துவிட்டேன்.

மதியத்துக்குமேல் ஐஸ் முழுக்கக் கரைந்தது. பக்கெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர். பெட்டியைத் துடைத்து மூடி ஓடவிட்டேன். குளிர்ந்ததும் கடைக்காரம்மா சரக்கைத் திரும்ப அடுக்கினார். தகட்டிலிருந்து நாலு விரல் தள்ளி அடுக்கினார். நான் முதல் தடவை சொல்லிவிட்டுப் போனதை மறக்கவில்லை.

இனி பார்க்க ஒன்றுமில்லை. ஆட்களைப் பார்க்கலாம் என்று ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கடையில் கதவைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. சாமை அறுத்துவிட்டு வந்த ஒருவர் மோர் எடுக்கக் கை நீட்டினார்.

"கைய எடு மாமா. கண்ணாடி இன்னாத்துக்கு வெச்சிருக்கு? வெளிய நின்னு பாரு. கை காட்டு. நான் எடுத்துத் தரேன்."

"மோர் பாக்கெட்டு எல்லாம் ஒண்ணுதானே. நானே எடுத்தா இன்னா?"

"நீ எடுத்தா இது வேணாம் அது வேணாம்னு தொழாவுவ. அதுக்குள்ள பனி பூந்துடும்."

அவர் என்னைப் பார்த்தார். "எங்க வூட்டுப் பொண்ண கட்டிக் குடுக்கும்போதுகூட இவ்ளோ பாக்கல."

"கட்டிக் குடுத்தது வீணாப் போச்சுன்னுதான் இத பாத்துக்கறேன்," என்றார் கடைக்காரம்மா. உள்ளே வீட்டுக்காரர் இருமினார்.

கடைக்காரம்மா கதவைத் திறப்பது கொஞ்சமாகத்தான். கை போகிற அளவு. எடுப்பார், சாத்துவார், முழங்கையால் ஒரு தரம் அழுத்துவார். எனக்குத் தெரிந்த கடைகளில் இவரைப்போலக் கதவு சாத்துகிறவர் யாரும் இல்லை. போளூரில் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு போன் பேசுவார்கள். அங்கே ஐஸ் இல்லை. இங்கே ஐஸ். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் அவரே பேசினார். பெட்டி வருவதற்கு முன்னால் காலை பஸ்ஸில் பால் வரும். மதியத்துக்குள் விற்கவேண்டும். விற்காததைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். வீட்டில் காய்ச்சிக் காய்ச்சி வைத்து, கடைசியில் கன்றுக்குட்டிக்கு ஊற்றுவார்.

"இப்ப பொழுது சாயறப்பகூட பால் வாங்க வர்றாங்கணா. கொழந்த இருக்கிற வூட்லேர்ந்து வர்றாங்க. அக்கா கடைக்குப் போனா இருக்கும்னு வர்றாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பறதுக்கு எனக்கு வாய் வராது."

அவர் கயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்துபோய் வாசல் பெருக்கினார்.

கடைசி பஸ் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. மற்ற இரண்டு தடவையும் நான் அதில்தான் இருந்தேன்.

பொழுது சாய்ந்தால் அந்த ஊரில் பனி கீழே வந்துவிடும். முதலில் எதிர்ச்சரிவு மறையும். பிறகு ரோட்டுப் புளியமரம். பிறகு ரோடு. வீட்டுக்காரர் மாடு கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்காரம்மா கைகால் கழுவி, நெற்றிக்கு வைத்துக்கொண்டு வந்தார். கல்லாப்பெட்டிக்கு மேல் ஒரு சின்னப் பலகையில் சாமி படம். அதற்கு முன்னால் விளக்கு. எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டி ஏற்றினார். கடையிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவைத் தள்ளித் திறந்தார்.

பிறகு பெட்டிக்கு வந்தார். கை மேலே போய் அந்த இரண்டு மரத்துண்டையும் எடுத்தது. இடது கதவை முழுக்கத் திறந்தார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அடியில் ஒரு துண்டை வைத்தார். வலது கதவைத் திறந்தார். அதற்கு மற்றத் துண்டு. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் டியூப் லைட் எரிந்தது. பால் பாக்கெட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. பனி வாசலைத் தாண்டிக் கடைக்குள் வந்தது. விளக்கைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குப் போனது. உள்ளே ஃபேன் ஓடுகிறது. இழுத்துக்கொண்டது. கதவுக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

நான் உட்கார்ந்தே இருந்தேன். விளக்கு எரியும்போது குறுக்கே பேசக்கூடாது. அரை மணி நேரம் இருக்கும். எண்ணெய் குறைந்து விளக்கு மலையேறியது. அவர் எழுந்துபோய்க் கட்டைகளை எடுத்தார். கதவுகளைச் சாத்தினார். முழங்கையால் ஒவ்வொன்றையும் ஒரு தரம் அழுத்தினார்.

"இது தெனமுமா?" என்றேன்.

"எதுணா?"

"இந்தக் கதவு."

"வெளக்கு தெனமும்தானே ஏத்தறேன். வெளக்கு வெச்சா கதவு சாத்தலாமா? உங்க வூட்ல சாத்துவாங்களா?"

"சாத்தமாட்டாங்க."

"அப்புறம்?"

"பிரிட்ஜ தெறக்கமாட்டாங்க."

"உங்க வூட்ல பிரிட்ஜு அடுப்பங்கரையில ஒரு மூலையில கீது. இங்க கடையே அதுலதான் கீது. லட்சுமி எதுல வந்து ஒக்காருவாங்க? புளி மூட்டையிலயா?"

"கதவ தெறந்து போடுவீங்களான்னு கேட்டனேம்மா."

"வியாபாரத்துல கேட்டீங்க. இல்லன்னேன். இது வியாபாரமாணா?"

அவர் சொன்னது சரிதான். என் வீட்டில் சாயங்காலம் வாசல்கதவு திறந்திருக்கும். யாராவது வந்து கதவைத் திறந்து போடுவீர்களா என்று கேட்டால் என் மனைவியும் இல்லை என்றுதான் சொல்வாள். விளக்கு நேரத்தை யாரும் அதில் சேர்ப்பதில்லை. கோடையில் அவர் இதையேதான் செய்திருக்கிறார். கோடைக்காற்றில் ஈரம் இல்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்குப் பிறகு வெளியே இருக்கிறது பனி. அது தண்ணீர்.

பக்கெட்டைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாது இது?"

"காலையில பெட்டியில இருந்த ஐஸு. நான் ஒரு சொட்டு ஊத்தல. பாலுலேர்ந்தும் வரல. பாக்கெட்டெல்லாம் மூடிக் கெடக்குது. வெளக்கு நேரத்துல உள்ள போன பனிதான்."

அவர் குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். "இவ்ளோவா?"

"லட்சுமி வந்தாங்களோ இல்லியோ," என்றார் வீட்டுக்காரர், "பனி வந்திருக்கு."

"நீ வாய மூடு."

கடைக்காரம்மா பக்கெட்டையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இருந்த சங்கடம் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தால் பெட்டி போய்விடும். சாத்தினால் வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பின மாதிரி.

"பெட்டி வந்த நாள்லேர்ந்து தெறக்கறேன்," என்றார். "வந்த நாள்லேர்ந்துதான் கடையில நாலு பேரு வர்றாங்க. இத நிறுத்திட்டு பெட்டிய வெச்சுக்கினு இன்னா பண்றது?"

"நிறுத்தச் சொல்லல."

"வேற?"

யோசித்தேன். "தெறக்கும்போது மெயின் சுவிச்ச அணைச்சிடுங்க. ஃபேன் நிக்கும். பனிய இழுக்காது."

"லைட்டு?"

"அதுவும் அணையும்."

"வெளக்கு வெக்கிற நேரத்துல லைட்ட அணைக்கறதாணா? நல்லா சொன்னீங்க."

டைமரைக் கூட்டி வைக்கலாம். ஹீட்டர் அடிக்கடி வரும். ஐஸ் கரையும். ஆனால் பாலும் சூடாகும். அது ஆகாது.

வீட்டுக்காரர் பெட்டியைக் காட்டினார். "கண்ணாடிதானே மே. உள்ள இன்னா கீதுன்னு வெளியவே தெரியுது. எல்லாருக்கும் சொல்றியே, வெளிய நின்னு பாரு, கை காட்டுன்னு. அவங்களுக்கும் அதையே சொல்லேன்."

"அவங்க இன்னா மோர் வாங்க வர்றவங்களா?" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "உள்ள வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"யாருக்கு?"

"அவங்களுக்கு."

"அத யாரு பாத்தா?"

"சட்டுனு வந்துடுவாங்க இல்ல?"

"வந்துடுவாங்க," என்றார் யோசித்துக்கொண்டே. "வர்றவங்க வாசல்ல நிக்கமாட்டாங்க."

"அப்ப தெறங்க. வந்ததும் சாத்துங்க. அவங்க உள்ள இருக்கட்டும். பனி வெளிய நிக்கட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூஞ்சில சாத்தற மாதிரி இருக்கக்கூடாதுணா."

"எண்ணிட்டு சாத்துங்க."

"எவ்ளோ?"

"அஞ்சு."

"அஞ்சுக்குள்ள செருப்புகூட கழட்ட முடியாது."

"அவங்களுக்கு ஏது மே செருப்பு?" என்றார் வீட்டுக்காரர். "தாமரைமேல நிக்கறவங்க."

"நூத்தியெட்டு," என்றார் கடைக்காரம்மா.

"நூத்தியெட்டுக்குப் பனி வந்துடும்மா."

"அம்பத்தொண்ணு."

"வந்துடும்."

"மீன் மார்க்கெட்டுல கேக்கறமாதிரி கேக்கறீங்களே ரெண்டு பேரும்," என்றார் வீட்டுக்காரர். "சாமி வெளிய நின்னு கேட்டுக்கினு இருக்கப்போவுது."

கொஞ்ச நேரம் இழுபறி. நான் ஏறினேன். அவர் இறங்கினார். கடைசியில் அவர் ஒரு எண் சொன்னார். ஒற்றைப்படை. அதற்குக் கீழே வரமாட்டேன் என்றார். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, மனசுக்குள் அந்த எண் வரை எண்ணிச் சாத்தினேன். கண்ணாடியில் வெள்ளை படியவில்லை. சரி என்றேன்.

அவர் பக்கெட்டைத் தூக்கிப்போய் மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார். அந்த இரண்டு மரத்துண்டையும் அடுப்பில் போட்டார். அந்தத் தீயில்தான் அன்றைக்குச் சோறு வெந்தது. சாமைச் சோறு, புளிக்குழம்பு, பக்கத்தில் கெட்டித் தயிர். தயிர் பெட்டியிலிருந்து வந்தது. மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியத்துக்குமேல் ஜீப் வந்தது.

"தெரிஞ்சுதா?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரிஞ்சுது சார்."

சொன்னேன். கடைக்காரம்மா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். சூப்பர்வைசர் திட்டுவார் என்று நினைத்தார் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன். சூப்பர்வைசர் பெட்டியைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா பீரோவத் தெறந்து வெப்பாங்க," என்றார். "வெள்ளிக்கெழமையில. ஒரு தபா எலி பூந்து பட்டுப்பொடவைய கடிச்சிடுச்சு. அப்புறமும் தெறக்கறாங்க."

"எலிக்கு எண்ணத் தெரியாதே சார்," என்றார் வீட்டுக்காரர்.

தை பிறக்கட்டும், அதுவரை பார்க்கிறேன் என்றார் சூப்பர்வைசர். தையில் தானே வந்து தகட்டைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதாகவும், வெள்ளைக்கல் இருந்தால் பேச்சே இல்லை என்றும் சொன்னார். சரி என்றார் கடைக்காரம்மா.

கயிறு சும்மா போகவில்லை. வீட்டுக்காரர் கீழே தம்பி வீட்டுக்குச் சாமை மூட்டை அனுப்பவேண்டியிருந்தது. ஜீப் மேலே ஏற்றி அந்தக் கயிற்றால் கட்டினார்கள். நானும் அந்த ஜீப்பிலேயே இறங்கினேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. போன் வராத வேலை நல்ல வேலை. ஆனால் எனக்கு அது பழக்கமில்லை. சில நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் விளக்கு வைக்கும்போது, மலையைப் பார்த்துக்கொண்டு, இப்போது எண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன். என் மனைவி என்ன என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

தையில் போனோம். அதே ஜீப். இந்தத் தடவை கயிறு இல்லை. சூப்பர்வைசர் கொண்டுவரச் சொல்லவில்லையா, ஜீப்காரர் மறந்துவிட்டாரா, தெரியாது.

அந்தப் பக்கத்துக் கடைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்ததால் போய்ச் சேரும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. சரக்கை எடுத்துவைத்துத் தகட்டைக் கழற்றினேன். சூப்பர்வைசர் போன் டார்ச்சை அடித்தார். தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மேலே அரிசி மாவு தூவினமாதிரி லேசான வெண்மை. அது இருக்கவேண்டியதுதான். ஃபேன் சத்தம் இல்லாமல் ஓடியது. குழாயில் ஒரு சொட்டு வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இருக்கட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

கடைக்காரம்மா கேட்டார்: "பெட்டிதானே சார்?"

"பெட்டிதாம்மா. இங்கயே இருக்கட்டும்."

கடைக்காரம்மா உள்ளே போனார். வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் மோர் எடுத்துக் கொடுத்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, எடுத்து, சாத்தி, முழங்கையால் அழுத்தினார்.

"நல்லா பழக்கிட்டாங்க," என்றார் ஜீப்காரர்.

"பயம்," என்றார் வீட்டுக்காரர்.

மோர் குடித்து முடிப்பதற்குள் புளியமரம் மறைந்துவிட்டது. கிளம்பலாமா என்று ஜீப்காரர் கேட்டார். சூப்பர்வைசர் இரு என்று கை காட்டினார். கடைக்காரம்மா கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. விளக்கை ஏற்றினார். வீட்டுக்குள் போகிற கதவைத் தள்ளித் திறந்தார். பெட்டிக்கு முன்னால் வந்து இரண்டு கதவையும் இரண்டு கையால் பிடித்து முழுக்கத் திறந்தார். கட்டை இல்லை. கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஜீப்காரரும் கைகூப்பினார். வீட்டுக்காரர் கல்லாப்பெட்டி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.

கடைக்காரம்மா சத்தமாக எண்ணினார். அவசரப்படவில்லை. ஐந்துக்கு வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். பனி வாசற்படி வரை வந்திருந்தது. ஒன்பது. பத்து. கதவுகளைச் சேர்த்தார்.

பதினொன்று.